புதிதாக வாங்கிய மோட்டார்ஹோம்: முதல் பயணத்துக்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மோட்டார்ஹோமுக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று தேடினால் கிடைக்கும் பட்டியல்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவின் குளிருக்காக எழுதப்பட்டவை. ஹீட்டர், குழாய் உறையாமல் காக்கும் மருந்து, கனத்த போர்வை என்று போகும். நம் ஊரில் பட்டியலைத் தீர்மானிப்பவை வெயிலும் ஈரமும் மின்சாரமும். அதற்கு எல்லை போடுவது வண்டியின் எடை. பினாங்கு, கோலாலம்பூர் பக்கத்திலிருந்து முதல்முறை கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகளை இந்த நான்கையும் மனதில் வைத்தே இங்கே எழுதியிருக்கிறோம்.

வண்டி கைக்கு வந்துவிட்டது. முதலில் எதை வாங்குவது?

முதல் வாரத்தில் அதிகம் வாங்காதீர்கள். மின்கேபிள், தண்ணீர் ஹோஸ், தீயணைப்பான், கார்பன் மோனாக்சைடு அலாரம், கேஸ் கசிவு அலாரம், டயர் காற்றழுத்தமானி, சக்கரத்துக்கு அடியில் வைக்கும் சரிவுக்கட்டை ஒரு ஜோடி, இரண்டு 12 வோல்ட் மின்விசிறி ஆகியவை இருந்தால் முதல் இரவைத் தாண்டிவிடலாம். அந்த முதல் இரவையும் உங்கள் வீட்டு வாசலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். குடும்பம் முழுவதும் உள்ளே படுத்து, அங்கேயே குளித்து, காலையில் அங்கேயே தேநீர் போட்டுப் பாருங்கள். எது குறைகிறது என்பதை அந்த இரவு சொல்லிவிடும். வெளிக்கூடாரம், நாற்காலி செட், பின்பக்க சைக்கிள் ஸ்டாண்டு எல்லாம் இரண்டாம் பயணத்துக்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

தீயணைப்பான் 1 கிலோ ஏபிசி பவுடர் வகையாக இருக்கட்டும். அதைக் கதவோரம், கை எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். அடுப்புக்குப் பின்னால் மாட்டினால், அடுப்பு பற்றிக்கொள்ளும் நேரத்தில் அதை எடுக்க முடியாது. கேஸ் அலாரம் தரையோரம் இருக்க வேண்டும், ஏனென்றால் சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கார்பன் மோனாக்சைடு அலாரத்தைப் படுக்கைக்குப் பக்கத்தில், அதன் கையேடு சொல்லும் உயரத்தில் வையுங்கள்.

எவ்வளவு எடை ஏற்றலாம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வண்டியின் பதிவு ஆவணத்திலும் உற்பத்தியாளர் தகட்டிலும் மொத்த எடை வரம்பு இருக்கும். விற்றவர் வாய்மொழியாகச் சொன்ன காலி எடையை நம்ப வேண்டாம். பழைய உரிமையாளர் பொருத்திய சோலார் பலகை, கூடுதல் பேட்டரி, கூரைப் பெட்டி எதுவும் அந்தக் கணக்கில் இருக்காது. பழைய இரும்பு வாங்கும் பெரிய கடைகளிலும் செம்பனை ஆலைகளிலும் எடைப்பாலம் இருக்கிறது. கேட்டால் சிறு கட்டணத்தில் ஏற்றி எடை போட்டுத் தருவார்கள்.

ஒரு கணக்கைப் பாருங்கள். வரம்பு 3,500 கிலோ. டாங்க் நிறைய டீசலோடும் ஓட்டுநரோடும் எடைப்பாலம் காட்டியது 3,080. மீதி 420 கிலோ. இன்னும் மூன்று பேர் ஏறினால் 180. நூறு லிட்டர் தண்ணீர் 100. கேபிள், ஹோஸ், சரிவுக்கட்டை, வெளிக்கூடாரம் 45. அடுப்பும் கேஸும் 15. துணி, அரிசி, பாத்திரம் 60. ஆக 400 ஆகிவிட்டது, கையிருப்பு 20 கிலோதான். இதன் பிறகு ஸ்டாண்டோடு இரண்டு சைக்கிளை மாட்டினால் வரம்பு தாண்டிவிடும். அதுவும் பின் அச்சுக்கு வெளியே தொங்கும் எடை என்பதால், பின் அச்சின் மேல் ஏறும் பாரம் சைக்கிளின் எடையைவிட அதிகமாக இருக்கும். முன்பக்கம் லேசாகி ஸ்டீயரிங் பிடிப்பு குறையும். அதனால் மொத்த எடையோடு முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் தனித்தனியாகவும் எடை போடச் சொல்லுங்கள்.

எடையைக் குறைக்க எளிய வழி தண்ணீர். போகும் இடத்தில் குழாய் உண்டு என்று உறுதியாகத் தெரிந்தால் கால் டாங்க் தண்ணீரோடு கிளம்புங்கள்.

ஜப்பானிலிருந்து வந்த வண்டி. வீட்டு பிளக்கில் அப்படியே செருகலாமா?

செருகவே கூடாது. முதலில் பாருங்கள். ஜப்பானின் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம்முடையது 230 முதல் 240 வோல்ட். அங்கே கட்டப்பட்ட வண்டியின் சார்ஜர், மைக்ரோவேவ், ஏர்கோன் எல்லாம் 100 வோல்ட்டுக்கானவையாக இருக்கலாம். நம் மின்சாரம் பட்டதும் கருகிவிடும். ஒவ்வொரு கருவியின் லேபிளையும் படியுங்கள். '100–240' என்று இருந்தால் கவலையில்லை. '100' மட்டும் இருந்தால் அதை மாற்ற வேண்டும், அல்லது சுமைக்கு ஏற்ற டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் கனமும் சூடும் கொண்டது. சார்ஜரையே புதிதாக மாற்றிவிடுவது நல்லது என்பது எங்கள் கருத்து.

இங்கிலாந்திலிருந்து வந்த வண்டியில் வோல்ட் பிரச்சினை இல்லை. ஆனால் வெளிப்புறத்தில் நீல நிற 16 ஆம்பியர் வட்ட பிளக் இருக்கும். நம் கேம்ப்சைட்டுகளில் பெரும்பாலும் கிடைப்பது சாதாரண 13 ஆம்பியர் மூன்று முள் சாக்கெட். இரண்டையும் இணைக்கும் கேபிள் தேவை.

அந்தக் கேபிள் எப்படி இருக்க வேண்டும்?

நீளம் 20 முதல் 25 மீட்டர். உள்ளே மூன்று கம்பி, ஒவ்வொன்றும் 2.5 சதுர மில்லிமீட்டர். வெளியுறை ரப்பராக இருந்தால் மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும். பாசார் மாலாமில் விற்கும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் இதற்கு ஆகாது.

உருளையில் சுற்றிய கேபிளை முழுவதும் பிரித்துவிட்டுத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். சுற்றியபடியே ஏர்கோனை ஓட்டினால் உள்சுற்றுகளின் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகி ஒன்றோடொன்று ஒட்டிவிடும். செருகிய அரை மணி நேரம் கழித்து 13 ஆம்பியர் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் சுமையைக் குறையுங்கள். கேம்ப்சைட் சாக்கெட் தளர்ந்து போயிருப்பதுதான் பெரும்பாலும் காரணம். ஏர்கோனும் கெட்டிலும் ஒரே நேரத்தில் வேண்டாம். 2,000 வாட் கெட்டில் ஒன்றே அந்த சாக்கெட்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும்.

ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் மூன்று விளக்கு சாக்கெட் டெஸ்டர் ஒன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். எர்த் இல்லாத சாக்கெட்டையும் லைவும் நியூட்ரலும் மாறிய சாக்கெட்டையும் உடனே காட்டும். எர்த் இல்லையென்றால் வண்டியைச் செருகாதீர்கள். வண்டியில் 30 மில்லிஆம்பியர் கசிவுத் தடுப்பான் இருக்கிறதா என்று பார்த்து, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி அது விழுகிறதா என்றும் சரிபாருங்கள்.

பேட்டரியும் சோலாரும் எவ்வளவு போதும்?

உங்கள் ஒரு நாள் செலவைக் கூட்டிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். கம்ப்ரஸர் வகை ஃபிரிட்ஜ் 45 வாட் எடுத்து நாளில் பாதி நேரம் ஓடினால் 540 வாட்-மணி. 15 வாட் மின்விசிறி இரண்டு, பத்து மணி நேரம் ஓடினால் 300. விளக்குகள் 60. கைத்தொலைபேசிகளும் டேப்லெட்டும் 80. தண்ணீர் பம்ப் 20. மொத்தம் 1,000 வாட்-மணி.

12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 1,280 வாட்-மணி இருக்கிறது. ஒரு நாளுக்குச் சரியாக இருக்கும். அதே அளவுள்ள ஈயப் பேட்டரியில் பாதியை மட்டுமே எடுக்கலாம். அதற்குக் கீழே இறக்கிக்கொண்டே இருந்தால் சீக்கிரம் செத்துவிடும். கூரையில் தட்டையாகக் கிடக்கும் 200 வாட் சோலார் பலகை நம் ஊர் வெயிலில் நல்ல நாளில் 600 வாட்-மணி தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியம் மேகம் கவிந்து மழை பெய்தால் பாதிகூட வராது. மரநிழலில் நிறுத்தினால் வண்டி குளுமையாக இருக்கும், பலகை வேலை செய்யாது. இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது என்பதால், வண்டி ஓடும்போதே சார்ஜ் ஏற்றும் டிசி-டிசி சார்ஜரைத்தான் நாங்கள் முதலில் பரிந்துரைக்கிறோம். 30 ஆம்பியர் வகை ஒரு மணி நேர ஓட்டத்தில் ஏறக்குறைய 400 வாட்-மணி ஏற்றும். சோலாரில் குறையும் 400 அத்தோடு ஈடாகிவிடும்.

லித்தியம் பேட்டரியை இன்ஜின் பக்கத்திலோ வெயில் நேராகப் படும் வெளிப்பெட்டியிலோ வைக்காதீர்கள். 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது என்று பல பேட்டரிகளின் கையேட்டிலேயே இருக்கும். இருக்கைக்கு அடியில், காற்றோட்டம் உள்ள இடமே சரி.

பேட்டரியின் 12 வோல்ட்டை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் வாங்கினால், வீட்டு மின்சாரம் போலவே சீரான அலை தரும் ப்யூர் சைன் வகையாக வாங்குங்கள். 1,000 வாட் எடுக்கும்போது 12 வோல்ட் பக்கத்தில் சுமார் 100 ஆம்பியர் ஓடும். அதற்கு 35 சதுர மில்லிமீட்டர் வயர், முடிந்தவரை குட்டையாக. பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். இங்கே அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்று உண்டு. ஓட்டத்தின் அதிர்வில் பேட்டரி முனையின் நட்டு அரைச் சுற்று தளரும். தளர்ந்த இடத்தில் தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும். வயரின் உறை முனையில் பழுப்பாகி, பிறகு இளகி, கடைசியில் செம்பு தெரியும். இன்வெர்ட்டர் காரணமில்லாமல் 'பேட்டரி குறைவு' என்று கத்தினால் முதலில் இந்த நட்டைப் பாருங்கள். முதல் பயணம் முடிந்து வந்ததும் எல்லா முனைகளையும் ஒருமுறை முடுக்குங்கள்.

ஏர்கோன் இல்லாமல் தூங்க முடியுமா? பேட்டரியிலேயே ஓட்டலாமா?

கூரை ஏர்கோன் 900 வாட் எடுக்கிறது, இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் 1,060 வாட். மேலே சொன்ன 1,280 வாட்-மணி பேட்டரி ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். இரவு முழுவதும் ஓட்ட வேண்டுமானால் பேட்டரிக்கே பெரிய தொகையும் எடையும் ஒதுக்க வேண்டும். முதல் பயணங்களுக்கு மின்சாரம் உள்ள இடத்தையோ மலைப்பக்கத்தையோ தேர்ந்தெடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

மின்சாரம் இல்லாத இடத்தில் காற்றோட்டத்தை நம்புங்கள். கூரையில் காற்றை வெளியே தள்ளும் 12 வோல்ட் விசிறி, எதிர்ப்பக்கத்தில் தாழ்வான ஜன்னல் ஒன்று திறந்திருக்க வேண்டும். எல்லா ஜன்னலையும் திறந்தால் காற்று படுக்கை வழியாக வராது. முன் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் போடும் வெயில் மறைப்பு, உள்ளே போடுவதைவிட நன்றாக வேலை செய்யும். சூட்டைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவதுதான் காரணம்.

கொசுவலையைக் கிளம்புவதற்கு முன் பகல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். டெங்கி கொசு பகலில் கடிக்கும். கதவுக்கும் வலை வேண்டும்.

வாயில் பக்கத்தில் ஜெனரேட்டரை வைத்து ஏர்கோன் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்தால் தூக்கத்திலேயே உயிர் போகும். தூங்கும் நேரத்தில் ஜெனரேட்டரே வேண்டாம்.

பழைய வண்டியின் கேஸ் ஃபிரிட்ஜ் சரியாகக் குளிரவில்லை. கெட்டுவிட்டதா?

கெட்டிருக்க வேண்டும் என்பதில்லை. கேஸ், 12 வோல்ட், 230 வோல்ட் மூன்றிலும் ஓடும் உறிஞ்சல் வகை ஃபிரிட்ஜ் குளிர்நாட்டில் நன்றாக ஓடும், 33 டிகிரி வெயிலில் திணறும். வண்டி சமதளத்தில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். சாய்ந்து நின்றால் உள்ளே திரவம் ஓடாது. அடுத்து, வெளிச்சுவரில் உள்ள இரண்டு காற்றுத் துளைகளில் மேல் துளைக்கு உட்புறம் 12 வோல்ட் சிறு விசிறி ஒன்று பொருத்தினால் நல்ல மாற்றம் தெரியும். கிளம்புவதற்கு முந்தைய நாளே வீட்டு மின்சாரத்தில் குளிர வைத்து, ஏற்கெனவே குளிர்ந்த பொருளை மட்டும் அடுக்குங்கள். நின்ற நிலையில் 12 வோல்ட்டில் ஓட்டாதீர்கள், பேட்டரியைக் குடித்துவிடும்.

சமையலுக்கு எந்த அடுப்பு? வீட்டு கேஸ் தோம்பை வைக்கலாமா?

14 கிலோ வீட்டுத் தோம்பு வேண்டாம். பெரும்பாலான மோட்டார்ஹோம்களின் கேஸ் அறைக்குள் அது நுழையாது. அறைக்கு வெளியே, ஆட்கள் இருக்கும் இடத்தில் தோம்பு வைப்பது ஆபத்து. வெளிநாட்டு வண்டியின் ரெகுலேட்டரும் நம் தோம்பின் வாயும் பொருந்தாமல் போகும். அதற்கு இணைப்புத் துண்டு தேடி நீங்களே மாட்டாதீர்கள். உரிமம் பெற்ற கேஸ் பொருத்துநரிடம் கொடுத்து அழுத்தச் சோதனையும் செய்துகொள்ளுங்கள். கேஸ் அறையின் தரையில் உள்ள துளை அடைபட்டிருக்கக் கூடாது. கசிந்த கேஸ் வெளியேறும் வழி அதுதான்.

முதல் பயணங்களுக்கு கேன் கேஸ் அடுப்பும் ஒரு இன்டக்ஷன் அடுப்பும் போதும். கேன் அடுப்பை வெளியே, வெளிக்கூடாரத்தின் ஓரத்தில் வைத்துச் சமையுங்கள். தாளிப்புப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் உள்ளே படிந்தால் மெத்தைத் துணியிலிருந்து போகவே போகாது. கேனின் விளிம்பில் உள்ள வெட்டு, அடுப்பின் நாக்குக்கு நேராக இருக்க வேண்டும். பெரிய தோசைக்கல்லையோ அகலமான வாணலியையோ வைத்தால் அது கேன் இருக்கும் பெட்டிக்கு மேலே நீட்டிக்கொள்ளும். கல்லின் சூடு கீழே இறங்கி கேனைத் தாக்கும், கேன் வெடிக்கும். இரண்டு அடுப்பைச் சேர்த்து வைத்து ஒரே பெரிய பாத்திரம் ஏற்றுவதும் இதே ஆபத்துதான். சிறிய கல் எடுத்துச் செல்லுங்கள்.

கேனை 50 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். வெயிலில் மூடி நிறுத்திய வண்டியின் முன்பகுதி எளிதாக அந்தச் சூட்டைத் தொடும். ஆகவே இரண்டு மூன்று கேன் மட்டும், நிழலான கீழ்ப்பெட்டியில். தீர்ந்தால் வழியில் மளிகைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

பாத்திரம்: 3 லிட்டர் குக்கர், ஒரு வாணலி, சிறு கல், எவர்சில்வர் தட்டும் டம்ளரும். பீங்கானைத் தவிருங்கள். தட்டுகளுக்கு இடையில் துணி வைத்தால் சத்தம் போடாது.

தண்ணீர் டாங்கை எப்படிச் சுத்தம் செய்வது?

வாசனை சேர்க்காத, சுமார் 5 விழுக்காடு வலிமையுள்ள வெளுப்பு நீர்மம் வாங்குங்கள். அளவு, டாங்கின் ஒவ்வொரு லிட்டருக்கும் 1 மில்லிலிட்டர். 100 லிட்டர் டாங்க் என்றால் 100 மில்லிலிட்டர். கார்பன் ஃபில்டர் இருந்தால் முதலில் கழற்றுங்கள், அது குளோரினை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு வாளித் தண்ணீரில் கலக்கி டாங்கில் ஊற்றி, மேல்வரை நிரப்புங்கள். ஒவ்வொரு குழாயையும், சுடுநீர்ப் பக்கத்தையும், குளோரின் வாசம் வரும்வரை திறந்து மூடுங்கள். குறைந்தது நான்கு மணி நேரம் விட்டு, முழுவதும் வடித்து, வாசம் போகும்வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள்.

இவ்வளவு செய்தாலும் குடிக்கவும் சமைக்கவும் தனியாகத் தண்ணீர் எடுத்துச் செல்வது நல்லது. வெயிலில் சூடேறும் டாங்கில் குளோரின் நிலைப்பதில்லை.

ஹோஸ் குடிநீருக்கானதாக, 15 மீட்டர் நீளம். நம் பொதுக் குழாய்கள் பலவற்றில் மரை இருக்காது. அதனால் மரை இணைப்போடு, ரப்பர் வாயும் ஸ்க்ரூ வளையமும் கொண்ட இணைப்பும் ஒன்று வேண்டும். கோயிலிலோ சூராவிலோ தண்ணீர் பிடித்தால் அனுமதி கேட்டுப் பிடியுங்கள், உண்டியலில் ஏதாவது போடுங்கள்.

கழிப்பறை டாங்க் இரண்டே நாளில் நிறைந்துவிடுகிறதே?

தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கம்தான் காரணம். கையேட்டில் சொல்லியிருக்கும் கணக்கு காகிதம் பயன்படுத்துபவர்களுக்கு. ஸ்ப்ரே குழாய்க்குப் பதில் அரை லிட்டர் போத்தலில் துளையிட்ட மூடி போட்டுப் பயன்படுத்தினால் செலவு வெகுவாகக் குறையும். இந்த வெப்பத்தில் நாற்றம் சீக்கிரம் வரும். நிறையாவிட்டாலும் இரண்டு நாளுக்கு ஒருமுறை காலி செய்யுங்கள். ஃபார்மால்டிஹைட் கலந்த மருந்தைத் தவிருங்கள், அது கழிவுத் தொட்டியில் வேலை செய்யும் நுண்ணுயிரைக் கொல்லும்.

காலி செய்யும் இடம் கழிப்பறை மட்டுமே. சாக்கடையிலோ ஆற்றோரத்திலோ ஒருபோதும் ஊற்றாதீர்கள். ஒருவர் ஊற்றினால் அடுத்து வரும் அத்தனை மோட்டார்ஹோமுக்கும் அந்த இடத்தை மூடிவிடுவார்கள். பாத்திரம் கழுவிய நீருக்கும் அடியில் 20 லிட்டர் தொட்டி வையுங்கள்.

டயர் பார்க்க நன்றாக இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

பூ தேயாமலேயே மோட்டார்ஹோம் டயர் வயதாகிவிடும். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். '2319' என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பல ஆண்டு பழையது, வெடிப்பு தெரிகிறது என்றால் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். காற்றழுத்தத்தை டயர் சூடேறுவதற்கு முன், வீட்டிலேயே பாருங்கள். மாற்று டயர் இல்லாமல் ஒட்டும் திரவம் மட்டும் கொடுத்திருக்கும் வண்டிகள் உண்டு. ஜாக்கி உங்கள் வண்டியின் எடைக்கானதுதானா என்பதையும் பாருங்கள். காப்புறுதியில் இழுவை வசதி இருந்தால், உங்கள் வண்டியின் நீளத்துக்கும் எடைக்கும் அது பொருந்துமா என்று முன்பே கேட்டு வைப்பது அவசியம்.

கூடவே எச்சரிக்கை முக்கோணம், 5 முதல் 30 ஆம்பியர் வரை பிளேடு ஃபியூஸ்கள், டார்ச், ஸ்க்ரூடிரைவர் செட், கேபிள் டை, நீர்க்கசிவு டேப். மழையில் நனைந்த புல்தரையில் முன்சக்கரம் சுழன்றால் அடியில் போட இரண்டு ஒட்டுப்பலகைத் துண்டு, 18 மில்லிமீட்டர் தடிமன், 30க்கு 60 சென்டிமீட்டர்.

டோலில் எந்தக் கட்டணம்?

இரண்டு அச்சு, நான்கு சக்கரம் என்றால் வகுப்பு 1. பின்னால் இரட்டைச் சக்கரம் இருந்து மொத்தம் ஆறு சக்கரம் என்றால் வகுப்பு 2. வண்டியின் உயரம், அகலம் இரண்டையும் அளந்து ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டி வையுங்கள். கூரை ஏர்கோனின் உச்சியிலிருந்து அளக்க வேண்டும்.

முதல் பயணத்துக்கு எங்கே போகலாம்?

வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள், மின்சாரமும் தண்ணீரும் உள்ள இடம். கோலாலம்பூரிலிருந்து போர்ட்டிக்சன், கோல சிலாங்கூர், ஜண்டா பாய்க். பினாங்குக்காரர்கள் தெலுக் பஹாங்கையோ பாலத்தைத் தாண்டிக் கெடாவையோ பார்க்கலாம். தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவுக்கு ஏறும் பாதை வளைவு நிறைந்தது, வண்டி கைக்குப் பழகும்வரை விட்டுவிடுங்கள். காட்டோரத்தில் குரங்குகள் உண்டு, வலையைக் கிழித்து உள்ளே வரும்.

கேமரன் மலை குளுமைக்கு அருமை, ஆனால் மூன்றாவது நான்காவது பயணமாக இருக்கட்டும். தாப்பா வழி குறுகலும் வளைவுமாக இருக்கும், சிம்பாங் பூலாய் வழி அகலம். இறங்கும்போது தாழ்ந்த கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். கிழக்குக் கரையை நவம்பர் முதல் மார்ச் வரையிலான பருவமழையில் தவிருங்கள். தைப்பூச வாரமும் பள்ளி விடுமுறைத் தொடக்கமும் பழகாத வண்டியோடு நெடுஞ்சாலையில் நிற்க நல்ல நேரமில்லை.

திரும்பி வந்து நிறுத்தும்போது என்ன செய்ய வேண்டும்?

நம் ஊரில் மோட்டார்ஹோமைத் தின்பது ஈரம். டாங்க் இரண்டையும் வடித்துக் குழாய்களைத் திறந்து விடுங்கள். ஃபிரிட்ஜைத் துடைத்து, கதவை இடைவெளி விட்டு நிறுத்துங்கள். மெத்தைகளை நிமிர்த்தி வையுங்கள், அலமாரிகளைத் திறந்தே விடுங்கள், ஈரம் உறிஞ்சும் பெட்டி இரண்டு வையுங்கள். அரிசி, சர்க்கரை, பிஸ்கட் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது, எறும்பும் கரப்பானும் வயர் போகும் துளைவரை குடியேறும். கனமழைக்கு மறுநாள் கூரை ஜன்னலின் நான்கு மூலைகளையும், மேல் அலமாரிகளின் உட்புறத்தையும் விரலால் அழுத்திப் பாருங்கள். சுவர் அமுங்கினால் நீர் உள்ளே இறங்கத் தொடங்கிவிட்டது. அந்த வாரமே மூட்டுப் பசையைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் போட்டுவிட வேண்டும். பழைய பசையின் மேல் புதியதைப் பூசினால் ஒட்டாது, கசிவும் நிற்காது.